சும்மா கிடக்கும் கணினிக்கு என்ன விலை?

1960களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பிடிபி-1 என்ற கணினி இருந்தது. கணினி ஒன்று, கேட்பவர்கள் பலர். யாருக்கு எந்த மணி நேரம் என்று முடிவுசெய்ய ஐவன் சதர்லாந்து ஓர் ஏலமுறையைக் கொண்டுவந்தார். அவரவர் வேலையின் முக்கியத்துவத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ‘யென்’ என்ற பெயரில் ஒரு கற்பனைக் காசு. வேண்டிய நேரத்துக்கு இத்தனை யென் என்று கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்பவருக்கு அந்த நேரம். செலவழித்த யென் பிறகு கைக்குத் திரும்பிவிடும், ஆனால் சேர்த்துவைத்துப் பெருக்க முடியாது. காசு குறைந்தவர் போட்டியில்லாத நேரத்தைத் தேடிப் போக வேண்டியதுதான். இதைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை 1968-ல் வெளிவந்தது. கணினி நேரத்துக்குச் சந்தை அமைப்பதைப் பற்றிய ஆரம்பகால எழுத்துகளில் அது முக்கியமானது.

இன்று நிலைமை தலைகீழ். ஒரே வீட்டில் மடிக்கணினி, இரண்டு மூன்று கைபேசிகள், தொலைக்காட்சி, பிள்ளைகளின் விளையாட்டுக் கன்சோல் என்று செயலிகள் நிறைந்து கிடக்கின்றன. சாதாரண மடிக்கணினியின் செயலி நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. நாம் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்தத் துடிப்புகளில் மிகச் சிறு பங்குக்குத்தான் வேலை இருக்கிறது. ஸ்டாண்டிலிருந்து கிளம்பிப் போய்விட்ட பேருந்தில் காலியாக இருந்த இருக்கையை மறுநாள் யாருக்கும் விற்க முடியாது. செயலியின் நொடியும் அப்படித்தான், அந்த நொடியிலேயே பயன்பட்டால் உண்டு.

அப்படி வீணாகும் நேரத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அல்லது விற்கலாம். இரண்டையும் உலகம் பல பத்தாண்டுகளாக முயன்று வருகிறது. கொடுப்பது அற்புதமாக நடந்தது. விற்பது திரும்பத் திரும்பத் தடுமாறியது. முன்பின் தெரியாத ஒருவரின் கணினி அனுப்பும் விடை சரியானதுதானா என்று பார்க்க ஆகும் செலவே இதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் செலவு குறைந்த இடங்களில் எல்லாம் இந்த யோசனை தழைத்திருக்கிறது.

இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே ஆய்வகங்களுக்குள் இது தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நூறு ஆல்டோ கணினிகள் ஈதர்நெட் கம்பியால் இணைந்திருந்தன. ஆட்கள் வீட்டுக்குப் போனபின் சும்மா நிற்கும் கணினிகளைத் தேடிப் பிடித்து அவற்றில் தன்னைப் பரப்பிக்கொள்ளும் ‘புழு’ நிரலை ஜான் ஷோக், ஜான் ஹப் இருவரும் அங்கே எழுதினார்கள். ஒருநாள் இரவு ஓடவிட்ட புழுவின் ஒரு பிரதி எப்படியோ சிதைந்து, காலையில் வந்தவர்கள் பல கணினிகள் முடங்கிக் கிடப்பதைக் கண்டார்கள். அடுத்தவர் கணினியில் ஓடும் நிரல் கெட்டால் அதன் விளைவு கணினிக்காரர் தலையில்தான் விடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1980களின் பின்பாதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியின் குழு உருவாக்கிய காண்டர் இன்னும் நாகரிகமானது. கணினிக்குச் சொந்தக்காரர் விசைப்பலகையைத் தொட்டதும், செய்துகொண்டிருந்த கணக்கை அதே நிலையில் பதிவுசெய்துகொண்டு வேறொரு கணினிக்கு இடம்பெயர்ந்துவிடும். பெயர் சற்று மாறி, பல்கலைக்கழகங்களில் இன்றும் அது ஓடுகிறது.

இணையத்தின் வழியாக அந்நியர்கள் சேர்ந்து செய்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று 129 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்தியது. 1977-ல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் வெளியிட்ட சவால் அது. ஆர்எஸ்ஏ என்ற புதிய மறைக்குறியீட்டு முறையின் வலிமையைக் காட்டுவதற்காக அதைக் கண்டுபிடித்தவர்கள் கொடுத்த எண். பரிசு 100 டாலர். பிரபஞ்சத்தின் வயதையெல்லாம் தாண்டும் காலம் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 1993-94-ல் சுமார் 600 தன்னார்வலர்கள் 1,600 இயந்திரங்களைக் கொண்டு, மின்னஞ்சலில் வேலையைப் பங்குபோட்டு, எட்டு மாதத்தில் முடித்துவிட்டார்கள். இதில் சரிபார்ப்பு ஒரு பிரச்சினையே இல்லை. 64 இலக்க எண்ணையும் 65 இலக்க எண்ணையும் பெருக்கிப் பார்த்தால் போதும். பொறுமையுள்ள மாணவர் காகிதத்திலேயே செய்துவிடலாம். கண்டுபிடிக்க மாதக்கணக்கு, சரிபார்க்க நொடிக்கணக்கு என்ற கணக்குகள் அந்நியர்களிடம் கொடுப்பதற்கென்றே பிறந்தவை.

ஆனால் எல்லாக் கணக்கும் அப்படி இருப்பதில்லை. 1997-ல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் என்ற அமைப்பு, ஆர்சி5 என்ற மறைக்குறியீட்டின் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. 64 பிட் சாவிக்கான தேடலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 1,757 நாள் ஆயிற்று. “இதுதான் சாவி” என்று ஒருவர் சொன்னால் உடனே போட்டுப் பார்க்கலாம். “எனக்குக் கொடுத்த பகுதியில் சாவி இல்லை” என்று சொன்னால்? அவர் உண்மையிலேயே தேடினாரா, தேடாமலே சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள நாமே மறுபடி தேடியாக வேண்டும். தேடல் வேலையில் வரும் விடைகள் கிட்டத்தட்ட எல்லாமே “இல்லை” என்பவைதான். கடைசியில் 2002 ஜூலை 14 அன்று டோக்கியோவிலிருந்த ஒரு கணினி சரியான சாவியை அனுப்பியது. அமைப்பாளர்களின் பக்கத்தில் ஒரு நிரல் கோளாறு. ஆகஸ்ட் 12 வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்த “இல்லை” என்ற விடையோடு இருபது ஆண்டுக்கும் மேல் வாழ்ந்த திட்டம் செட்டி அட் ஹோம். வேற்றுலக நாகரிகங்களின் வானொலிச் சமிக்ஞையைத் தேடும் இந்தத் திட்டத்தை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1999 மே 17 அன்று தொடங்கியது. யோசனை டேவிட் கெடியுடையது. டேவிட் ஆண்டர்சனும் டான் வெர்த்திமரும் அதை நடத்தினார்கள். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி வானத்தைக் கேட்டுப் பதிந்ததை நாடாக்களில் ஏற்றி பெர்க்லிக்கு அஞ்சலில் அனுப்புவார்கள். ஹைட்ரஜன் அணு இயல்பாக ஒலிக்கும் 1420 மெகாஹெர்ட்சைச் சுற்றியுள்ள இரண்டரை மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 256 கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு கீற்றிலிருந்தும் 107 நொடித் துண்டுகள் எடுக்கப்பட்டன. ஒரு துண்டு ஒரு மெகாபைட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அன்றைய தொலைபேசி மோடத்திலேயே சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

அந்தச் சின்னத் துண்டுக்குள் வீட்டுக் கணினி மணிக்கணக்கில் தேடியது. காரணம் இருக்கிறது. பூமி சுழல்கிறது; சமிக்ஞை அனுப்பும் கோளும் சுழலக்கூடும். அதனால் நமக்கு வந்துசேரும் அலையின் அதிர்வெண் மெல்ல நகரும். எந்த வேகத்தில் நகரும் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே சாத்தியமான ஒவ்வொரு நகர்வு வேகத்துக்கும் தரவைத் திருத்தி, மறுபடி மறுபடி அலசியாக வேண்டும். வானத்தின் ஒரு புள்ளி அரெசிபோவின் பார்வையைக் கடக்கச் சுமார் 12 நொடி ஆகும் என்பதால், விண்ணிலிருந்து வரும் சமிக்ஞை அந்த 12 நொடியில் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்காமல் ஒரே அளவில் இருந்தால் அது பக்கத்து ஊர் ரேடாரோ வேறெதுவோ. சின்னத் தரவு, பெரிய கணக்கு, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் பேச்சுவார்த்தை தேவையில்லை. இணையத்தில் பகிர்வதற்கு இந்த மூன்றும் பொருந்திய வேலை வேண்டும். அனுப்ப நாலு மணி நேரம், கணக்குப்போட நாலு நிமிடம் என்றால் நாமே உட்கார்ந்து செய்துவிடலாம்.

50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இதில் சேர்ந்தார்கள். காசு கிடையாது. எத்தனை துண்டுகள் முடித்தோம் என்ற எண்ணிக்கையும், அதில் நாட்டுக்கு நாடு, குழுவுக்குக் குழு நடந்த போட்டியும்தான். வெறும் எண்ணிக்கைக்காகவே சிலர் நிரலைத் திருத்திப் பொய் விடைகளை அனுப்பினார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பணம் புழங்காத இடத்திலேயே இது நடந்தது. மாற்று வழியாக ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். ஆண்டர்சன் பிறகு உருவாக்கிய போயின்க் என்ற பொதுத்தளம் இதையே முறைப்படுத்தியது. அதிலும் ஒரு சிக்கல். தசமப் புள்ளிக் கணக்குகளில் இரண்டு வகைச் செயலிகள் கடைசி இலக்கங்களில் சற்று வேறுபட்ட விடை தரும். வானிலை போன்ற கணக்கில் அந்தச் சிறு வேறுபாடு வளர்ந்து இரண்டு விடைகளையும் அடியோடு பிரித்துவிடும், இருவருமே நேர்மையானவர்கள். அதற்காக ஒரே வகைச் செயலியும் இயங்குதளமும் உள்ள இருவருக்கே ஒரே வேலையைக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இப்படி இருமுறை செய்தால் நம்பிக்கைக்கான விலை, கிடைக்கும் சக்தியில் பாதி. இனாமாக வந்ததில் பாதியைச் சரிபார்ப்புக்குக் கொடுப்பது கட்டுப்படியாகும். காசு கொடுத்து வாங்கினால் ஒரு விடைக்கு இரண்டு விலை.

செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அரெசிபோ தொலைநோக்கி இடிந்து விழுந்தது. வேற்றுலகக் குரல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அரெசிபோவின் தரவிலிருந்தே இன்னொரு தன்னார்வத் திட்டமான ஐன்ஸ்டைன் அட் ஹோம் 2010-ல் நொடிக்குச் சுமார் 41 முறை சுழலும் பல்சர் ஒன்றைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் இன்னொருவரின் கணினியும் அதை அடையாளம் காட்டின. இரண்டு சாதாரணக் கணினிகளில் ஒரு விண்மீன் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

துண்டுபோட முடியாதது போலத் தோன்றும் வேலையையும் துண்டுபோட்டவர் ஸ்டான்ஃபோர்டின் விஜய் பாண்டே. 2000-ல் அவர் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், புரதம் மடிவதைக் கணினியில் நடத்திப் பார்க்கிறது. ஒரு படிக்கு நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் இரண்டு பங்கு நேரம்தான் நகர முடியும். ஒரு மில்லிநொடியைக் காண 50,000 கோடி படிகள். ஒவ்வொரு படியும் முந்தைய படிக்காகக் காத்திருக்க வேண்டும். பத்தாயிரம் கணினி இருந்தாலும் வரிசையை முந்த முடியாது. பாண்டே குழு ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான குட்டி ஓட்டங்களை ஓடவிட்டது. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எத்தனை முறை தாவுகிறது என்று எண்ணி, அந்த நிகழ்தகவுகளைக் கோத்து நீண்ட கதையைக் கட்டியெழுப்பியது. கோவிட் வந்தபோது, 2020 மார்ச் இறுதியில், இந்தத் திட்டத்தின் மொத்த வேகம் நொடிக்கு ஒரு எக்ஸா, அதாவது ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட கணக்குகள் என்ற எல்லையைத் தாண்டியது. உலகின் எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அன்று அதைத் தொட்டிருக்கவில்லை. உதவ வந்த கணினிகள் அதிகமாகி, கொடுக்க வேலை இல்லாமல் சர்வர்கள் திணறின. கொரோனா வைரஸின் முள் புரதம் எப்படித் திறக்கிறது என்பதை அந்த ஓட்டங்கள் காட்டின. அஞ்சியிருந்த அந்த நாட்களில் வீட்டுக்குள் அடைபட்ட லட்சக்கணக்கானவர்கள் செய்த இந்த உபகாரம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

இனி விற்பனை. 2000-ஐ ஒட்டி பாப்புலர் பவர், என்ட்ரோப்பியா, யுனைடெட் டிவைசஸ் எனப் பல நிறுவனங்கள் கிளம்பின. வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை மொத்தமாக வாங்கி மருந்து நிறுவனங்களுக்கும் மற்றவர்களுக்கும் விற்பது திட்டம். பாப்புலர் பவர் 2001-லேயே மூடப்பட்டது. அதே ஆண்டு, இலவச இணைய இணைப்பு தந்துவந்த ஜூனோ என்ற அமெரிக்க நிறுவனம், இலவசப் பயனாளர்களின் கணினியில் தன் வேலையை ஓட்டிக்கொள்ள உரிமை உண்டு என்று ஒப்பந்த விதியைத் திருத்த, பெரும் எதிர்ப்பு எழுந்தது. கேட்டால் கொடுப்பவர்கள், எடுத்துக்கொண்டால் சீறுவார்கள். ஆஸ்திரேலியாவில் ராஜ்குமார் புய்யா அந்த ஆண்டுகளில்தான் கணினிச் சந்தையின் இலக்கணத்தை எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை மணிக்குள் முடிய வேண்டும், இத்தனை பணத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னால், பல இடங்களின் விலையை ஒப்பிட்டு வேலையைப் பிரித்துக்கொடுக்கும் நிம்ராட்-ஜி அவர் பங்களித்த மென்பொருள். இலக்கணம் சரியாகவே இருந்தது. பணம் உள்ள வாடிக்கையாளர்களின் தரவுதான் ரகசியமானது; அதை யாரோ ஒருவர் வீட்டுக் கணினிக்கு அனுப்ப அவர்கள் தயாராக இல்லை.

2006-ல் அமேசான் தன் சர்வர்களை மணிக்கு 10 சென்ட்டுக்கு வாடகைக்கு விட்டதும் சந்தையின் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. விடைக்குப் பொறுப்பேற்க முகவரி உள்ள ஒரே நிறுவனம். இருமுறை சரிபார்க்கத் தேவையில்லை. 2009 டிசம்பரில் அமேசான் தன்னிடம் விற்காமல் கிடக்கும் சர்வர் நேரத்தை ஏல முறையில் மலிவாகக் கொடுக்கவும் தொடங்கியது. முழு விலை தருபவர் வந்துவிட்டால் மலிவாக எடுத்தவர் இடத்தைக் காலிசெய்ய வேண்டும். பின்னாளில் அதற்கு இரண்டு நிமிட முன்னறிவிப்பு கொடுத்தார்கள். சதர்லாந்தின் ஏலமும் காண்டரின் இடப்பெயர்வும் ஒரே முதலாளியின் மதிலுக்குள் ஒன்றுசேர்ந்தன.

மதிலுக்கு வெளியே முயற்சிகள் ஓயவில்லை. போலந்தைச் சேர்ந்த கோலம் திட்டம் 2016 நவம்பரில் அரை மணி நேரத்துக்குள் 8,20,000 ஈதர் மின்நாணயங்களைத் திரட்டி, 2018-ல் அசைவூட்டப் படங்களை உருவாக்கும் வேலையை அந்நியர்களிடையே வாங்கி விற்கத் தொடங்கியது. படத்தில் அங்கங்கே ஒரு சிறு சதுரத்தை மறுபடி உருவாக்கி ஒப்பிட்டாலே ஏமாற்று தெரிந்துவிடும் என்பதால் இந்த வேலையை முதலில் எடுத்தது புத்திசாலித்தனம். இணையதளத்தைப் பார்க்க வந்தவரின் செயலியைக் கொண்டு மின்நாணயம் தோண்டிய காயின்ஹைவ் 2017-ல் தோன்றி 2019 மார்ச்சில் மறைந்தது. அனுமதி கேட்டு ஓட்டியவர்கள் சிலர். பிறர் தளங்களுக்குள் புகுந்து திருட்டுத்தனமாக ஓட்டியவர்கள் ஏராளம்.

இன்னொரு மாற்றமும் கவனிக்க வேண்டியது. 1990களின் கணினி சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றைய ஓய்வு நேரம் உண்மையிலேயே இனாம். இன்றைய சில்லுகள் வேலையில்லாதபோது ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும் கிராஃபிக்ஸ் கார்டை ஒரு நாள் முழுக்க ஓட்டினால் ஏறத்தாழ 11 யூனிட். சென்னை போன்ற ஊரில் அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். குளிர்நாட்டில் கணக்கு வேறு. பிரான்சின் கார்னோ நிறுவனம் செயலிகளையே அறைச் சூடேற்றியாக வீடுகளில் மாட்டி, அவற்றின் கணக்கிடும் நேரத்தை விற்றது. ஆகவே நம் ஊரில் இதில் பணம் பார்க்க நினைப்பவர் முதலில் மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவின் பசியால் இப்போது கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு மறுபடி கிராக்கி. தனியார் தங்கள் கார்டை மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் வாஸ்ட் போன்ற சந்தைகள் நடக்கின்றன. ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது கார்டுகள் ஒவ்வொரு படியிலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பது தடையாக இருந்தது. 2023-ல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட டிலோகோ என்ற முறையில் ஒவ்வொரு குழுவும் பல நூறு படிகள் தனியே நடந்துவிட்டு ஒருமுறை மட்டும் ஒத்துப் பார்த்துக்கொள்கிறது; பேச்சு 500 மடங்கு குறைந்தது. ஆனால் தூரத்திலுள்ளவர் உண்மையிலேயே அந்தப் படிகளை நடந்தாரா என்று மலிவாகச் சோதிக்கும் வழிதான் இதில் கடினம்.

அப்படிப்பட்ட ஒரு வழியைக் கணிதர்கள் ஒரு குறுகிய துறையில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதால்தான் எனக்கு இதில் நம்பிக்கை. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வத் திட்டம், இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்துக் கிடைக்கும் மெர்சென் பகா எண்களைத் தேடுகிறது. ஓர் எண்ணைச் சோதிக்கக் கோடிக்கணக்கான தடவை வரிசையாக வர்க்கம் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு பிட் தவறினாலும் விடை பாழ். அதனால் ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவர் முழுக்க மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. 2020-ல் க்ஷிஷ்டோஃப் பியெட்ஷாக்கின் சான்றுமுறை இதில் புகுந்தது. கணக்கிட்டவர் தொடக்க எண்ணையும் இறுதி விடையையும், சரியாக நடுவழியில் இருந்த எண்ணையும் காட்டுகிறார். முன்பாதி, பின்பாதி இரண்டையும் ஒரு தற்செயல் எண்ணால் கலந்து பாதி நீளமுள்ள ஒரே கணக்காக்கலாம். அதற்கும் நடுவழி எண், அதையும் பாதியாக்கல் என்று போய்க்கொண்டே இருந்தால், சோதிப்பவர் செய்ய வேண்டியது மூல வேலையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பொய் விடை தப்பிப் போக வழி அநேகமாக இல்லை.

லூக் டுரான்ட் என்ற முன்னாள் என்விடியா பணியாளர் 17 நாடுகளில் உள்ள டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான கிராஃபிக்ஸ் செயலிகளைக் கொண்டு இந்தத் தேடலில் இறங்கினார். 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு செயலி, இரண்டின் 13,62,79,841-வது அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று அறிவித்தது. மறுநாள் டெக்சாசின் சான் அன்டோனியோவில் இன்னொரு செயலி வேறொரு சோதனையால் அதை உறுதிசெய்தது. வெவ்வேறு மென்பொருளிலும் வெவ்வேறு வன்பொருளிலும் பலர் தனித்தனியே மறுபடி சோதித்த பிறகே அக்டோபர் 21 அன்று ஜிம்ப்ஸ் அதை வெளியிட்டது: 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட எண், அன்றுவரை மனிதர் அறிந்த பகா எண்களில் மிகப் பெரியது.